பேசாலைக் கரையின் நேரக்கணக்கு

எவரிடமும் மாதச் சம்பளம் பெறாமல், வேலைக்கு வேலை ஊதியம் பெற்று வாழ்பவரை ஆங்கிலம் ஃப்ரீலான்சர் என்கிறது. நமது பத்திரிகைகள் அச்சொல்லைச் ‘சுதந்திர’ என்றும் ‘சுயாதீன’ என்றும் தமிழாக்கி, சுதந்திர ஊடகவியலாளர், சுயாதீன எழுத்தாளர் என எழுதி வருகின்றன. இன்று கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் கணினியின் முன் அமர்ந்து மொழிபெயர்ப்போர், வரைகலை செய்வோர், கணக்கெழுதுவோர் எனப் பல்லாயிரம் தமிழர் இவ்வகையினரே. அவர்களுக்கென்று நேர முகாமைத்துவம் பற்றிய நூல்களும் வந்து குவிகின்றன. காலையில் எழுந்து பட்டியல் போடு, கடினமான வேலையை முதலில் முடி, இடையிடையே ஓய்வெடு என அவை உபதேசிக்கின்றன.

உங்கள் நேரம் உங்களுடையது, அதைப் பங்கிடத் தெரிந்தால் போதும் என்பதே இவ்வுபதேசங்கள் அனைத்துக்கும் அடிப்படை. அது உண்மைதானா? அந்த ஆங்கிலச் சொல்லே வேறொன்றைச் சொல்கிறது. வால்டர் ஸ்கொட் 1819ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவல் அதைப் பரவலாக்கிற்று. எந்தப் பிரபுவுக்கும் தன் ஈட்டியை வாடகைக்கு விடக்கூடிய கூலிப்படை வீரனையே அது அங்கு குறித்தது. யாருக்காகப் போரிடுவது என்பதை அவன் தீர்மானிக்கலாம். போர் எப்போது என்பதைத் தீர்மானிப்பவன் அவன் அல்லன்.

நமது மண்ணில் இந்த வகைத் தொழிலாளியின் மிகப் பழைய வடிவம் கடற்றொழிலாளிதான். மாதச் சம்பளம் இல்லை, பிடித்ததில் பங்கு. மேலதிகாரி இல்லை, ஆனால் கடல் இருக்கிறது. மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியில், தீவின் வடகரையில், பாக்கு நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் பேசாலையும், அதைச் சூழ்ந்த மன்னார்க் கரையும் இவ்வகையில் ஒரு நீண்ட வரலாற்றைக் கொண்டவை. தன் நேரத்துக்குத் தானே எஜமானன் எனப்படும் மனிதனின் நேரத்தை உண்மையில் யார் யார் வகுத்தார்கள் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

காற்று வகுத்த ஆண்டு

இக்கரையின் முதல் நாட்காட்டி காற்று. வடகிழக்கிலிருந்து வாடை, தென்மேற்கிலிருந்து சோளகம் என இரு பெருங்காற்றுகள் ஆண்டைப் பிரிக்கின்றன. இடையில் கச்சானும் கொண்டலும் வந்து போகின்றன. மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்டது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் குமுறும், வடகடல் தீவின் மறைவில் சற்று அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழ். எனவே எக்கரையில் வள்ளம் இறக்குவது, எங்கே வாடி அமைப்பது, எந்த வலையை வெளியில் எடுப்பது என்பனவெல்லாம் காற்றோடு மாறும். காற்றுக்கு அடுத்தது நிலவு. இருட்டு இரவுக்கு ஏற்ற வலை ஒன்று, நிலவு இரவுக்கு ஏற்ற வலை வேறொன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காற்று கட்டாயப்படுத்திய ஓய்வு நாட்கள் வீணான நாட்கள் அல்ல. வலை பொத்துவதும், வள்ளத்தைச் செப்பனிடுவதும், கருவாடு காயவைப்பதும், கலியாணம் பேசுவதும், கோயில் திருவிழா எடுப்பதும் அந்நாட்களிலேயே நடந்தன. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட, நேரமும் தொழில் ஒழுங்கும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைப் பொதுவாகவே எடுத்துக்காட்டினார். ஆலைச் சங்கும் கடிகாரமும் ஆட்சிக்கு வருமுன், தன் தொழிலைத் தானே நடத்தியவர்கள் கடும் உழைப்பையும் நீண்ட ஓய்வையும் மாறி மாறிக் கைக்கொண்டனர். கடலோர மக்களின் வாழ்வோ கடற்பெருக்கோடும் வற்றோடும் பிணைந்திருந்தது. எட்டு மணி நேரம் எனச் சீராக நறுக்கப்பட்ட நாள் என்பது மிகப் பிற்காலத்துச் சரக்கு.

பீரங்கி வகுத்த நாள்

காற்று ஆண்டை வகுத்தது என்றால், நாளை வகுத்தது அரசு. இதற்கு மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பைவிட நல்ல சான்று கிடையாது.

தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தில் அரிப்பு, கொண்டச்சி, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி என்ற ஊர்கள் உள்ளன. அவற்றுக்கு நேரே கடலடியில் ‘பார்’ எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகள் இருந்தன. போர்த்துக்கீசர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியதற்கும், ஒல்லாந்தர் 1658இல் அதைப் பறித்ததற்கும், பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரடெரிக் நோர்த் அரிப்பின் கடலோர மேட்டில் தூண்கள் நிறைந்த மாளிகை ஒன்றை எழுப்பியதற்கும் இந்தப் பார்களே முக்கிய காரணம்.

பிரித்தானியப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல், இலங்கை பற்றி 1803இல் வெளியிட்ட நூலில் ஒரு குளிப்பு நாளை விவரிக்கிறார். நாகபட்டினம், தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்து வள்ளங்கள் கொண்டச்சிக் குடாவில் கூடும். இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி முழங்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் இரவுக்காற்றில் பாயை விரித்து அனைத்து வள்ளங்களும் ஒன்றாகப் புறப்படும். விடியுமுன் பாரை அடைந்து, கதிரவன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். அதுவே வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம். அதே காற்று வள்ளங்களைக் கரைக்குத் தள்ளும். அவை கண்ணுக்குத் தெரிந்ததும் மீண்டும் ஒரு பீரங்கி.

அவரது கணக்கின்படி ஒவ்வொரு வள்ளத்திலும் தண்டலைத் தவிர இருபது பேர். அவர்களில் பத்துப் பேர் குளிகாரர். மற்றப் பத்துப் பேர் தண்டு வலிப்பவரும் கயிறு இழுப்பவரும். பத்துக் குளிகாரரும் ஒன்றாக இறங்குவதில்லை. ஐவர் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்க, ஐவர் மேலே மூச்சு வாங்குவர். முறை மாறி மாறி, ஒருவர் ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை வரை மூழ்குவார். நீருக்கடியில் அவர் இரண்டு நிமிடம் வரை தங்குவார் என்று பெர்சிவல் எழுதினார். பிற்காலத்தில் கடிகாரத்தை வைத்து அளந்தவர்கள், சாதாரணமாக அது ஒரு நிமிடத்தை ஒட்டியதுதான் என்று கண்டனர்.

ஓய்வு என்பது இங்கே ஒருவருடைய சோம்பலோ சலுகையோ அன்று. வேலையின் அமைப்புக்குள்ளேயே அது வைத்துக் கட்டப்பட்டிருந்தது. மேலே இருப்பவர் மூச்சு வாங்காவிட்டால் அடுத்த முழுக்கு இல்லை என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். தனியறையில் தனியே வேலை செய்பவருக்கு இல்லாதது இந்த இரண்டாவது ஐவர்தான்.

குளிகாரர் சம்பளக்காரர் அல்லர் என்பதையும் பெர்சிவல் குறிப்பிடுகிறார். வள்ளச் சொந்தக்காரருடன் அவரவர் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பணமாகவோ சிப்பியாகவோ ஊதியம் பெற்றனர். பெரும்பாலோர் விரும்பியது சிப்பியையே. திறந்து பார்த்தால் முத்து இருக்கலாம், வெறுஞ்சதையும் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசே நேரடியாக நடத்திய குளிப்புகளில் கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிகாரர் தரப்புக்கு என்பது வழக்காயிற்று. 1906இல் மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளராகி அந்த முகாமைப் பின்னணியாக வைத்துச் சிறுகதை ஒன்றும் எழுதினார்.

குத்தகைக்காரரும் விடுமுறையும்

பெர்சிவலின் குறிப்புகளில் நமது பொருளுக்கு மிகவும் வேண்டியது விடுமுறை பற்றியது. பார்கள் அக்காலத்தில் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. காலம் பெப்ரவரியில் தொடங்கி ஏப்ரலின் ஆரம்பம் வரை. அதாவது வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் கடல் அடங்கியிருக்கும் இடைவெளி. குத்தகைக்காரருக்குக் கிடைத்தது ஆறு வாரம், மிஞ்சினால் இரண்டு மாதம். ஆனால் உண்மையில் குளிப்பு நடந்த நாட்கள் ஏறத்தாழ முப்பதைத் தாண்டுவதில்லை என்கிறார் அவர்.

மற்ற நாட்கள் எங்கே போயின? சில புயலிலும் காற்றிலும் போயின. மற்றொரு பெரிய காரணம் குளிகாரரின் விடுமுறைகள். கத்தோலிக்கர் ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமல் அரிப்புக் கோயிலில் வழிபாட்டுக்குச் சென்றனர். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர் திருநாட்கள். அறுபது நாள் குத்தகைக்குப் பணம் கட்டியவர் இதை மனமுவந்து ஏற்றிருக்க முடியாது. எனினும் ஏற்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு குளிகாரர் மாத்திரம் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றால் அவருக்குப் பதிலாக வேறொருவர் கிடைப்பார். ஒரு முழு ஊர் வரமாட்டேன் என்றால் பதிலாள் கிடையாது.

சம்பளமில்லாத தொழிலாளியின் ஓய்வு நாள், அவருடைய மன உறுதியால் நிற்பதில்லை. சக தொழிலாளரின் உடன்பாட்டால் நிற்கிறது. கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் பலவற்றில் ஞாயிறு ஓய்வு தலைமுறைகளைக் கடந்து நின்றதற்குப் பக்தி ஒரு காரணம். எவரும் கடலுக்குப் போகாத நாளில் தான் போகாததால் நட்டமில்லை என்ற நிம்மதி மற்றொன்று. இன்றைய கணினித் தொழிலாளிக்கு அந்நிம்மதி இல்லை. அவர் ஞாயிறன்று மறுத்த வேலையைத் திங்கள் விடியுமுன் வேறொரு நாட்டில் ஒருவர் முடித்து அனுப்பிவிடுகிறார்.

வெற்றாண்டுகள்

வேலைக்கு வேலை ஊதியம் பெறுவோரின் பெருந்துயரம் வேலை மிகுவதன்று, வேலை இல்லாதுபோவது. முத்துக்குளிப்பு இதில் ஈவிரக்கமற்றது. ஒல்லாந்தர் காலத்தில் 1768இலிருந்து 1796 வரை குளிப்பே நடக்கவில்லை. பிரித்தானியர் காலத்தில் 1837இன் குளிப்புக்குப் பின் 1855 வரையும், 1891இன் குளிப்புக்குப் பின் 1903 வரையும் இடைவெளிகள். ஒரு தலைமுறை முழுவதும் கல்லைப் பிடித்து இறங்காமலே போகலாம். ஆகவே இத்தொழிலை மட்டும் நம்பி வாழ்ந்தவர் அரிது. மீன்பிடி, சங்கு குளிப்பு, கப்பல் வேலை என வேறு தொழில்களைக் கையில் வைத்திருந்தவர்களே முத்துக் காலத்தில் கொண்டச்சிக்கு வந்தனர்.

இந்த எளிய விவேகம் இலண்டன் முதலீட்டாளரிடம் இருக்கவில்லை. 1903இலிருந்து குளிப்பு மீண்டும் செழித்தது. 1905இல் 318 வள்ளங்களும் ஏறத்தாழ 5,000 குளிகாரரும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. இந்தச் செழிப்பைப் பார்த்து ஒரு கம்பனி 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. நல்ல ஆண்டுகள் நாலைந்தைப் பார்த்து அதுவே வழமை எனக் கணக்கிட்டதன் விளைவு அது. குளிகாரர் எவரும் அப்படிக் கணக்கிட்டிருக்க மாட்டார்.

மீன்பிடியில் வெறுங்காலத்தைச் சமாளிக்கக் கரைக்குக் கிடைத்த வழிகள் இரண்டு. ஒன்று கருவாடு. இன்று மிகுந்ததை உப்பிட்டு உலர்த்தி இன்னொரு நாளின் விலைக்கு வைப்பது. பிடிபட்ட மீனை மட்டுமன்றி உழைத்த நாளையும் சேமிக்கும் முறை அது. மற்றது முற்பணம். வலைக்கும் வள்ளத்துக்கும் காசில்லாதவருக்குச் சம்மாட்டி கொடுத்து உதவுவார். பதிலுக்கு மீன் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே வர வேண்டும். கடன் வாங்கியவருக்குக் காற்று நாள் போல் கடன் நாளும் ஒன்று சேர்கிறது. கரையில் நிற்க வேண்டிய வானிலையிலும் அவர் கடலுக்குப் போகிறார்.

பத்திரிகைத் துறையிலும் இதே கதைதான். என் பத்திரிகைக் காலத்தில் பிராந்திய நிருபர்கள் பலர், வெளிவந்த செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே ஊதியம் பெற்றனர். செய்தி கிடைக்கும் வரை காத்திருந்த பொழுதுக்கும், அனுப்பியும் இடமின்றி வெளிவராததற்கும் ஒன்றுமில்லை. கடற்றொழிலாளிக்கும் நிருபருக்கும் ஊதியமில்லாத நேரமே தொழிலின் பெரும்பகுதி.

அனுமதிச்சீட்டுக் காலம்

1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறக்கப்பட்டபோது பேசாலைக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. இந்தியாவுக்கான ரயிலும் கப்பலும் இணைந்த அப்பயணம் கரைக்கு மணிக்கூட்டு நேரத்தைக் கொண்டுவந்தது. 1990இல் போர் அப்பாதையை நிறுத்தியது. 2015 மார்ச்சில்தான் ரயில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது.

போர் கடலுக்கும் ஒரு கடிகாரத்தை வைத்தது. எப்போது போவது, எவ்வளவு தூரம் போவது, எப்போது திரும்புவது என்பவற்றை அனுமதிச்சீட்டும் சோதனைச் சாவடியும் தீர்மானித்தன. இரவுத் தொழில் தடைப்பட்டது. எந்திர வலுவுக்கும் மட்டுப்பாடு வந்தது. விடியலில் எடுக்க வேண்டிய வலையை வெயில் ஏறியபின் எடுப்பதென்றால் பாதி மீன் கெட்டிருக்கும். 2006 ஜூன் 17ஆம் திகதி பேசாலையில் நடந்தது நேரக்கணக்குக்குள் அடங்காதது. அன்று மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த தேவாலயம் தாக்கப்பட்டு ஒரு பெண் கொல்லப்பட்டார், பலர் காயமுற்றனர். கடற்கரையில் மீனவர்களும் கொல்லப்பட்டனர். கடலுக்குப் போகாதிருந்தாலும் கரையும் பாதுகாப்பில்லை என்ற நிலையை அந்த நாள் ஊருக்கு உணர்த்திற்று.

எடுபட்ட மூன்று இரவுகள்

2009இல் போர் முடிந்து, கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தபோது நேரம் மீண்டும் கைக்கு வந்துவிடும் என்றே கரை நம்பியது. வந்தது வேறொரு நாட்காட்டி. தமிழ்நாட்டின் பாக்கு நீரிணைக் கரையில் இழுவைப் படகுகளுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் மோதல் நேராதிருக்க, வாரத்தில் மூன்று நாள் முன்னவருக்கு, நான்கு நாள் பின்னவருக்கு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. தம் கரையின் சிறு தொழிலாளரைக் காக்க எழுந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் 1974இல் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டி இழுவைப் படகுகள் வந்தபோது, திங்கள், புதன், சனி ஆகிய அந்த மூன்று நாட்களும் எதிர்க்கரையின் தலையில் விடிந்தன. அவ்விரவுகளில் வலை விரித்தால் இழுவை மடி அதை அறுத்துப் போகும் என்று அஞ்சி, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீனவர் பலர் கரையிலேயே நின்றனர்.

கணக்கைப் பாருங்கள். இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். எஞ்சிய 304 நாட்களில் வாரத்துக்கு மூன்று என்றால் ஏறத்தாழ 130 இரவுகள். இவற்றோடு காற்று நாளையும் ஞாயிறையும் சேர்த்துப் பார்த்தால், தன் தொழிலுக்குத் தானே எஜமானன் எனப்படுபவரிடம் மிஞ்சுவது என்ன?

இருகரை மீனவர் பிரதிநிதிகள் 2010இலும் 2014இலும் பேசியபோது, ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை காலத்துக்கு என்பதே முக்கிய வாதங்களில் ஒன்றாயிற்று. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடிமட்ட இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. எதிர்க்கரைப் படகில் வருபவரும் பங்குக்கும் கூலிக்கும் உழைக்கும் தமிழரே என்பதையும் மறக்கலாகாது. அவருடைய நாளை வகுப்பது படகு முதலாளியும் டீசல் விலையும்.

எதைக் கற்கிறோம்?

வாடையும் சோளகமும், அரிப்புப் பீரங்கி, சம்மாட்டியின் முற்பணம், அனுமதிச்சீட்டு, எதிர்க்கரையின் மூன்று நாட்கள். பேசாலைக் கரையில் மனிதரின் நேரத்தை வகுத்தவை இவை. பட்டியல் போட்டு விடியுமுன் எழுவதால் இவற்றுள் எதுவும் மாறாது. மன்னார்க் கடற்றொழிலாளர் விடியுமுன் எழுவதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர்.

எனினும் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காற்றோடு எவரும் வாதாட முடியாது. அதற்கேற்ப வலையை மாற்றலாம், கருவாடு போடலாம், இன்னொரு தொழிலைக் கையில் வைத்திருக்கலாம். மற்றவை மனிதர் வைத்தவை. மனிதர் வைத்ததை மனிதர் கூடிப் பேசி மாற்றலாம், தனியே மாற்ற முடியாது. கொண்டச்சியில் ஞாயிறு நின்றது கூடி நின்றதனால். தமிழ்நாட்டுச் சிறு படகுக்காரருக்கு நான்கு நாள் கிடைத்ததும் கூடி நின்றதனாலேயே. பேசாலைக்குத் திங்களும் புதனும் சனியும் மீள வேண்டுமானால், அதுவும் இருகரை மீனவரும் இரு அரசுகளும் ஒன்றாக அமர்ந்து கணக்குப் பார்த்தால்தான் முடியும்.

கணினி முன் தனியே இருக்கும் நமது இளைஞர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் நாளில் எது காற்று, எது பீரங்கி என்று முதலில் பிரித்தறியுங்கள். அதேவேளை, மன்னார்க் கரையின் காற்றுப் பெயர்களையும் வலைக் காலங்களையும், அனுமதிச்சீட்டுக் காலத்தின் நாட்கணக்கையும் அறிந்த மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஊர், ஆண்டு, மாதத்தோடு எழுதி வைப்பது அவசரமான பணி. இரு அரசுகளின் முன் அமரும் நாளில் கரைக்குக் கணக்குத் தேவைப்படும்.